வெள்ளை பிளொட்டும் எரியும் பிளொட்டும்: மயலின் கலங்களில் தைரோசின் பொஸ்பேற்றைத் தேடும்போது வரும் பிழைகள்

பரீட்சைக் காலம் முடிந்து ஆய்வுக் காலம் தொடங்கினால் யாராவது ஒரு பிள்ளை வெள்ளை பிளொட்டோடு வந்து நிற்கும். பிளொட் என்பது ஜெல்லில் பிரித்த புரதங்களை ஏற்றிய சவ்வுத் தாள்; அதில் வேண்டிய புரதத்தை அன்டிபொடியால் (பிறபொருளெதிரியால்) தேடுவோம். பட்டை ஒளிர்ந்தால் எரிகிறது என்போம், ஒன்றும் தெரியாவிட்டால் வெள்ளை. "அக்கா, ஒண்டுமே வரல்ல." நான் பிளொட்டைப் பார்ப்பதில்லை. "கலத்தை உடைச்ச அண்டைக்கு என்ன நடந்தது? அதைச் சொல்லுங்க மறுகா பாப்பம்" என்பேன். பிளொட்டில் தெரியும் பிழை பெரும்பாலும் பிளொட்டில் நடந்ததல்ல. இரண்டு நாளுக்கு முன், கலத்தின் மேல் பவர் (கலத்தை உடைக்கும் தாங்கற்கரைசல்) ஊற்றிய அந்த முதல் நிமிடத்தில் நடந்திருக்கும்.

மயலின் என்பது புறநரம்பில் சுவான் கலமும், மூளையிலும் முண்ணாணிலும் ஒலிகோடென்ட்ரோசைற் என்ற கலமும் அக்சோனை (நரம்புக் கலத்தின் நீண்ட இழையை) சுற்றிப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி வைக்கும் சவ்வு. எப்போது சுற்றத் தொடங்குவது, எவ்வளவு தடிப்பாகச் சுற்றுவது என்று அக்சோனுக்கும் இந்தக் கலங்களுக்கும் இடையே நடக்கும் பேச்சில் பெரும்பங்கு, புரதங்களில் உள்ள தைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஏறி இறங்கும் பொஸ்பேற்றில்தான் போகிறது. ஃபின் என்ற கைனேஸ் (பொஸ்பேற்றை ஏற்றும் நொதியம்) இல்லாத எலிகளில் முன்மூளை மயலின் குறைந்துபோகிறது. புறநரம்பில் நியூரெகுலின் என்ற வளர்ச்சிக் காரணி, அதற்குப் பதில் சொல்லும் வாங்கிகளான ஏர்ப்பி-2, ஏர்ப்பி-3 மூன்றும் சேர்ந்து தடிப்பைத் தீர்மானிக்கின்றன. இதை அளக்க நாங்கள் செய்வது இரண்டே வேலை: பொஸ்பேற் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, எந்தப் புரதம் எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. இரண்டையும் ஒரே குழாயில் கேட்கப் போய்த்தான் பாதிப் பேர் மாட்டுப்படுகிறார்கள். முதலாவதுக்கு வன்மையான பவர் வேண்டும், இரண்டாவதுக்கு மென்மையான பவர் வேண்டும். கீழே வரும் பல நோய்களுக்கும் மூலம் இதுதான்.

"பிளொட் முழுக்க வெள்ளை"

முதலில் புரதம் பிளொட்டில் ஏறியதா என்று பொன்சோ சிவப்புச் சாயத்தைப் போட்டுப் பாருங்கள். ஏறவில்லை என்றால் அது மின்கடத்தல் பிரச்சினை, இந்தக் கட்டுரைக்கு உரியதல்ல. ஏறியிருந்தால், அடுத்த கேள்வி பிளொட்டின் பிழையா, சாற்றின் (கலத்தை உடைத்து எடுத்த கரைசலின்) பிழையா என்பது. அதைப் பிரிக்க ஒரே வழி, ஒவ்வொரு ஜெல்லிலும் ஒரு வரிசையைப் பெர்வனடேற் போட்ட கலச்சாற்றுக்கு ஒதுக்குவது. ஓர்தோவனடேற்றையும் ஐதரசன் பேரொட்சைட்டையும் அப்போதே கலந்து கலத்துக்குப் பத்து நிமிடம் கொடுத்தால், தைரோசின் பொஸ்பற்றேஸ்கள் (பொஸ்பேற்றை இறக்கும் நொதியங்கள்) மீளமுடியாமல் முடங்கும். அந்த வரிசை மேலிருந்து கீழ்வரை ஏணிபோல எரியும். அந்த வரிசை எரிந்து உங்கள் வரிசை வெள்ளையாக இருந்தால், அன்டிபொடியைத் திட்ட வேண்டாம். அந்த வரிசையும் வெள்ளை என்றால் புரதத்தைப் பிடிக்கும் முதலாம் அன்டிபொடி, அதைப் பிடித்து ஒளிரச் செய்யும் இரண்டாம் அன்டிபொடி, ஒளிர்வுக் கரைசல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது சோடியம் அசைட். திரும்பப் பாவிக்க எடுத்து வைத்த அன்டிபொடி பழுதாகாமல் இருக்க யாரோ புண்ணியவான் அசைட் போட்டிருப்பார். அது முதலாம் அன்டிபொடியில் இருந்தால் கழுவிவிட்டுத் தப்பலாம். குதிரைமுள்ளங்கிப் பெரொக்சிடேஸ் பூட்டிய இரண்டாம் அன்டிபொடியில் போட்டால் நொதியம் செத்துவிடும்.

சாற்றின் பிழை என்று தெரிந்தால், பொஸ்பற்றேஸை அடக்கப் பவரில் சேர்க்கும் வனடேற்றின் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சளாக இருக்கிறதா? அப்படியானால் அது வேலைக்கு ஆகாது. மஞ்சள் என்பது பத்து வனடியம் ஒன்றாய்க் கோத்துக்கொண்ட டெகாவனடேற். பொஸ்பற்றேஸின் வாயை அடைக்கத் தேவை தனித்தனி வனடேற். 200 மில்லிமோலர் கரைசலை பி.எச். 10க்குக் கொண்டுவந்து, நிறம் போகும்வரை கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி பி.எச். பார்த்து, மஞ்சள் வந்தால் மறுபடி கொதிக்க வைத்து, பி.எச். 10இலேயே நிலைத்து நிறமும் இல்லாமல் இருக்கும்வரை செய்ய வேண்டும். மூன்று தடவை என்றாலும் சலிக்காதீர்கள். சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். கடைசிச் செறிவு 1 மில்லிமோலர்.

வனடேற் நல்லதாக இருந்தும் வெள்ளையா? பவரில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஈ.டி.டி.ஏ. வனடேற்றைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். டி.டி.டி. அதை ஒடுக்கிவிடும். புரதம் வெட்டும் நொதியங்களை அடக்கக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் ஈ.டி.டி.ஏ. உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தை யாரும் வாசிப்பதில்லை. நானும் ஒரு வருடம் வாசிக்கவில்லை.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு எளிய காரணம் உண்டு. கலத்தை உடைத்தவுடன், கைனேஸ் பொஸ்பேற்றை எடுக்கும் ஏ.டி.பி. பவரில் கரைந்து ஐதாகிவிடும், கைனேஸ் பட்டினியாகும். பொஸ்பற்றேஸுக்கு ஏ.டி.பி. தேவையில்லை, தண்ணீர் போதும். அதனால் உடைத்த கணத்திலிருந்து போட்டி ஒருபக்கமாகத்தான் போகும். அதுவும் தைரோசினில் இருக்கும் பொஸ்பேற் சொற்பம்: சாதாரண கலத்தில் செரின், திரியோனின், தைரோசின் மூன்றிலும் உள்ள மொத்தத்தில் ஏறத்தாழ 0.05 வீதம். இருப்பது கொஞ்சம், அதையும் ஆட்டையைப் போட ஆள் காத்திருக்கிறது.

அந்தச் சொற்பத்தைக் கண்டுபிடித்ததே ஒரு பழைய பவரால்தான். 1979இல் கலிபோர்னியாவின் சோல்க் நிறுவனத்தில் ரோனி ஹன்ரர் பி.எச். 1.9 பவரில் அமினோ அமிலங்களை மின்புலத்தில் ஓடவிட வேண்டியிருந்தது. புதிதாகக் கலக்காமல் பாவித்த பவரையே திரும்பப் பாவித்ததில் அது 1.7க்கு இறங்கியிருந்தது. 1.9இல் பொஸ்போதிரியோனினும் பொஸ்போதைரோசினும் (பொஸ்பேற் ஏறிய திரியோனினும் தைரோசினும்) ஒன்றாக ஓடும், 1.7இல் பிரிந்துவிடும். புதுப் புள்ளி ஒன்று தெரிந்தது. இந்தக் கதையைச் சொன்னதும் ஒரு தம்பி, "அப்ப நாங்களும் பழசையே பாவிப்பமே அக்கா" என்றான். ஹன்ரர் பி.எச்.ஐ அளந்து பார்த்துக் காரணத்தைப் பிடித்தவர் என்பதை அவனுக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

மின்வெட்டும் இங்கே ஒரு காரணம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்றது நினைவிருக்கும். உருகித் திரும்ப உறைந்த அன்டிபொடி வெளியில் பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். உறைபெட்டிக்குள் ஒரு சின்னக் குவளையில் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது நாணயம் ஐஸுக்குள் புதைந்து கிடந்தால் சனி ஞாயிறு என்ன நடந்தது என்று காவலாளியைக் கேட்கத் தேவையில்லை.

"தூண்டாத கலமும் எரியுது"

இது வெள்ளை பிளொட்டைவிட மோசம், ஏனென்றால் பார்க்க அழகாக இருக்கும். நியூரெகுலின் கொடுத்த வரிசையும் கொடுக்காத வரிசையும் ஒரே மாதிரி.

சீரத்தை எப்போது எடுத்தீர்கள்? சீரத்தில் வளர்ச்சிக் காரணிகள் நிறைந்திருக்கும். தூண்டுவதற்கு முன் சில மணிநேரமாவது சீரமில்லா ஊடகத்தில் கலம் இருக்க வேண்டும். சுவான் கலத்துக்குப் பழக்கப்படி போர்ஸ்கோலின் போட்டு வளர்க்கிறோம், அது நியூரெகுலினுக்குக் கலம் காட்டும் பதிலைக் கூட்டிவிடும். அதையும் எடுக்க வேண்டும். தட்டில் லமினின் பூசியிருக்கிறீர்களா? லமினினைப் பிடித்த இன்ரெகிரின் தன்பாட்டில் ஃபினையும் குவியொட்டுக் கைனேஸையும் எழுப்பும். ஆகவே தூண்டாத கட்டுப்பாடு என்று நீங்கள் நினைப்பது உண்மையில் லமினினால் தூண்டிய கட்டுப்பாடு. பொலிலைசின் மட்டும் பூசிய தட்டு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். ஊடகத்தை மாற்றுவதே சில கலங்களுக்கு அதிர்ச்சி, ஆகவே கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் நியூரெகுலின் இல்லாத ஊடகத்தை அதே கையால், அதே நேரத்தில் மாற்றுங்கள்.

பிறகு பால்மா. அன்டிபொடி கண்ட இடத்திலும் ஒட்டாமல் பிளொட்டை மூட நாங்கள் கன்டீனில் தேத்தண்ணிக்கு வைத்திருக்கும் பால்மாவை எடுத்த காலம் ஒன்று இருந்தது. அது முழு ஆடைப் பால்மா. கொழுப்பு பிளொட்டில் பூச்சாகப் படிந்து, படம் முழுக்க மேகம். ஆடை நீக்கியது என்றாலும் பொஸ்போதைரோசினுக்கு நான் பால் பாவிப்பதில்லை. பாலின் கேசீன் பொஸ்பேற் ஏறிய புரதம். அந்தப் பொஸ்பேற் பெரும்பாலும் செரினில் இருப்பதால் நல்ல அன்டிபொடி அதைக் கண்டுகொள்ளாது என்று வாதிடலாம். அந்த வாதத்தில் ஜெயிப்பதைவிட 3 முதல் 5 வீத பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீர அல்புமின்) கலக்குவது மலிவு. மட்டக்களப்பில் பாலுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது, சட்டியில் தயிராகட்டும்.

எரிவது உண்மையா என்று பார்க்க இரண்டு சோதனைகள். 4ஜி10 போன்ற, பொஸ்போதைரோசினைப் பிடிக்கும் அன்டிபொடியோடு பொஸ்போதைரோசினைக் கலந்து பிளொட்டில் போட்டால் உண்மையான பட்டைகள் அணைய வேண்டும். அல்லது சாற்றின் ஒரு பகுதிக்கு லம்டா பொஸ்பற்றேஸ் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டாவதில் ஒரு பொறி உண்டு: அந்தப் பகுதியிலும் வனடேற் இருந்தால் நீங்கள் போட்ட பொஸ்பற்றேஸும் முடங்கிவிடும். "சிகிச்சை கொடுத்தும் அணையவில்லை, ஆகவே போலிப் பட்டை" என்று எழுதிக்கொண்டு வந்த ஒரு அறிக்கையை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் குழாய்க்கு வனடேற் இல்லாமல் வேறாகச் சாறு எடுக்க வேண்டும்.

"காலையில ஃபின் இல்ல, பின்னேரம் இருக்கு"

இந்த நோயைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகத்தில் வராது. எங்கள் ஊர்ச் சூட்டில்தான் வரும்.

ஐஸ் இயந்திரம் பழுதான ஒரு கச்சான் காலம். மீனுக்குப் போடும் ஐஸ் பாளத்தை வாங்கி, சாக்கில் சுற்றி உடைத்து, ரெஜிபோம் பெட்டியில் கொண்டுவந்து வேலை செய்தோம். ஒரு தங்கச்சி காலையில் ஒலிகோடென்ட்ரோசைற் வரிசைக் கலங்களை ட்ரைட்டன் என்ற மென்மையான சவர்க்காரம் உள்ள பவரில் உடைத்து, சுழற்றி, மேல்நீரை எடுத்தாள். அதில் ஃபின் இல்லை. பின்னேரம் இன்னொருவர் அதே பவரில், அதே கலத்தில் செய்தார். ஃபின் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒரு கிழமை இப்படியே போனது.

"அக்கா, இது பேய்க் கதையா இருக்கு."

"பேயில்ல கா. பெட்டிக்குள்ள கையை வச்சுப் பாருங்க."

காலையில் பெட்டி நிறைய ஐஸ். பின்னேரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நாலு துண்டு மிதந்தது. ஃபினில் மிரிஸ்டிக், பால்மிற்றிக் என்ற இரண்டு கொழுப்பமிலங்கள் கொக்கிபோலப் பூட்டப்பட்டிருக்கின்றன. அவற்றால் அது கலமென்சவ்வில் கொலஸ்திரோலும் ஸ்பிங்கோலிப்பிட்டும் செறிந்த திட்டுகளில் போய்க் குந்தியிருக்கும். ஒலிகோடென்ட்ரோசைற்றில் அதே திட்டுகளில் கொன்டாக்டின், என்காம்-120 என்ற புரதங்களும் கூடவே இருக்கும். குளிர்ந்த ட்ரைட்டனில் இந்தத் திட்டுகள் கரையா. சுழற்றும்போது அடியில் போய்ப் படியும், நாங்கள் அந்த அடியைக் குப்பையில் போடுவோம். சூடு ஏறினால் அதே ட்ரைட்டன் திட்டைக் கரைத்துவிடும். காலை முடிவும் சரி, பின்னேர முடிவும் சரி. தவறு என்னவென்றால் இரண்டையும் ஒரே பரிசோதனை என்று நினைத்ததுதான்.

இதைச் சரிசெய்ய, முதலில் அடிப்படிவை எறியாமல் எஸ்.டி.எஸ். என்ற வன்மையான சவர்க்காரம் உள்ள பவரில் கரைத்து அதையும் ஜெல்லில் ஓட்டுங்கள். ஃபின் அங்கே இருந்தால் கதை முடிந்தது. பிறகு பவரை மாற்றுங்கள்: 60 மில்லிமோலர் ஒக்ரைல்குளுக்கோசைட் குளிரிலேயே திட்டைக் கரைக்கும். டியொக்சிகோலேற்றும் எஸ்.டி.எஸ்.ஸும் உள்ள ரிப்பா பவரும் பெரும்பாலும் கரைக்கும், ஆனால் அது ஒட்டியிருக்கும் துணைகளைப் பிரித்துவிடலாம். அக்சோனில் உள்ள எல்-1 என்ற புரதம் கொன்டாக்டினைத் தொட்டு ஃபினை எழுப்புகிறதா என்று பார்ப்பவர்களுக்கு, திட்டில் இருக்கிறது, திட்டில் இல்லை என்பதே ஒரு முடிவு. அவர்கள் குளிர்ந்த ட்ரைட்டனையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெப்பமானியைப் பெட்டிக்குள் வைத்து ஒவ்வொரு குழாய்க்கும் பாகையை எழுத வேண்டும்.

பொஸ்பேற் மட்டுமே கேள்வி என்றால் ஐஸையே மறந்துவிடுங்கள். ஊடகத்தை உறிஞ்சி எடுத்த கையோடு, கொதிநிலைக்குக் கிட்டச் சுட வைத்த 1 வீத எஸ்.டி.எஸ். பவரைத் தட்டில் ஊற்றிச் சுரண்டி, குழாயில் போட்டு 95 பாகையில் ஐந்து நிமிடம் வையுங்கள். கைனேஸ், பொஸ்பற்றேஸ் எல்லாம் அந்தக் கணத்திலேயே உருக்குலையும். தைரோசினில் ஏறிய பொஸ்பேற் அந்தச் சூட்டைத் தாங்கும். ஐஸுக்கு அலையும் ஊரில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. டி.என்.ஏ.யால் சாறு சளிபோல இழுபட்டால் ஊசியில் பலமுறை இழுத்து விடுங்கள்.

"55இல் தடித்த பட்டை, ஃபினா?"

ஐ.பி. செய்த ஜெல் என்றால், அநேகமாக இல்லை. ஐ.பி. என்பது ஒரு புரதத்தை அன்டிபொடியால் பிடித்து நுண்மணிகளோடு கீழே இறக்குவது. கொதிக்க வைத்ததும் அந்த அன்டிபொடியும் மணியை விட்டு வரும்: கனச் சங்கிலி 50 முதல் 55 கிலோடால்டனில் (புரத நிறையின் அலகு), இலேசுச் சங்கிலி 25இல். ஃபின் 59. மயலின் ஆட்களுக்கு இரட்டைத் துன்பம், ஏனென்றால் மயலின் புரதமான பி.எல்.பி. 25க்குக் கிட்ட ஓடும், புறநரம்பு மயலினின் பி-பூச்சியம் 28 முதல் 30இல். பிடிப்பதற்கு முயல் அன்டிபொடி, பிளொட்டுக்குச் சுண்டெலி அன்டிபொடி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபினைத் தேடும்போது இலேசுச் சங்கிலியை மட்டும் அறியும் இரண்டாம் அன்டிபொடி உதவும். பி.எல்.பி.யைத் தேடும்போது அது உதவாது, அன்டிபொடியை மணியோடு நிரந்தரமாகப் பூட்டத்தான் வேண்டும். கலச்சாறே இல்லாமல் அன்டிபொடியும் மணியும் மட்டும் போட்ட வரிசை ஒன்று ஜெல்லில் இல்லாவிட்டால் என்னிடம் கொண்டுவராதீர்கள்.

"416 அன்டிபொடி எரிந்தது, ஆகவே ஃபின் எழும்பியது"

அவசரப்பட வேண்டாம். அந்த அன்டிபொடி தேடுவது, ஃபினின் உறவுக் கைனேஸான சார்க்கில் பொஸ்பேற் ஏறிய 416ஆம் தைரோசினை. அதைச் சுற்றிய பகுதி இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அந்த அன்டிபொடி ஃபினையும் பிடிக்கும், சார்க்கையும் பிடிக்கும், லின்னையும் பிடிக்கும். மனித ஃபினில் அந்த இடத்தின் எண் 420, அதை அடக்கி வைக்கும் வாற்பக்கத் தைரோசின் 531. ஃபினை முதலில் ஐ.பி.யில் பிடித்து, பிறகு 416 அன்டிபொடி போடுங்கள். வாற்பக்கத்தையும் பாருங்கள். இரண்டு எண்ணும் இரண்டு கதை சொல்லும்: 531இல் பொஸ்பேற் இறங்கியது என்பது பூட்டுத் திறந்தது, 420இல் ஏறியது என்பது வண்டி ஓடத் தொடங்கியது. பிளொட்டிலிருந்து அன்டிபொடியை உரித்துத் திரும்பப் பார்க்கும்போது பொஸ்பேற் அன்டிபொடி முதலில், மொத்தப் புரத அன்டிபொடி பிறகு.

"எம்.பி.பி. எல்லாத்தோடயும் ஒட்டுது"

ஒட்டும். அதற்காகவே அது பிறந்தது. மயலின் அடிப்படைப் புரதம் கடுமையான நேரேற்றம் கொண்டது, அதன் சமமின்புள்ளி (மொத்த ஏற்றம் பூச்சியமாகும் பி.எச்.) 10க்கு மேல். மயலின் சுருளின் உட்பக்கச் சவ்வுகளில் உள்ள மறையேற்ற லிப்பிட்டுகளைப் பிடித்து இரண்டையும் ஒட்டி வைக்கும் பசை அது. கலத்தை உடைத்ததும் அந்தப் பசை அவிழ்ந்து டி.என்.ஏ.யில், அமிலப் புரதத்தில், மணியில், குழாயின் சுவரில் என்று கண்டதிலும் ஒட்டும். "எம்.பி.பி. பத்துப் புதுப் புரதங்களோடு இடைவினை செய்கிறது" என்று யாராவது சந்தோஷமாக வந்தால் நான் முதலில் உப்பைக் கேட்பேன்.

150 மில்லிமோலர் உப்பில் செய்ததை 300இலும் 500இலும் செய்து பாருங்கள். டி.என்.ஏ. வெட்டும் நொதியம் போட்டும் ஒரு தடவை செய்யுங்கள். மற்றப் புரதத்தைப் பிடித்து எம்.பி.பி. வருகிறதா என்று திருப்பியும் பாருங்கள். இதற்கெல்லாம் மேலாக நான் நம்பும் சோதனை ஒன்று: எம்.பி.பி. மட்டும் உள்ள கலச்சாறும் மற்றப் புரதம் மட்டும் உள்ள கலச்சாறும் வேறுவேறாக எடுத்து, பிறகு கலந்து, ஐ.பி. செய்யுங்கள். அப்போதும் சேர்ந்து வந்தால் அந்தச் சம்பந்தம் கலத்துக்குள் நடந்ததாகச் சொல்ல முடியாது, உங்கள் குழாய்க்குள்ளும் நடந்திருக்கலாம்.

ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. எம்.பி.பி.யில் புரோலின் நிறைந்த ஒரு துண்டு உண்டு, ஃபினின் எஸ்.எச்.3 பகுதி அதைப் பிடிக்கக் கூடியது. அதே எஸ்.எச்.3 டாவ் புரதத்தையும் பிடிக்கும். இப்படியான பிடிப்புகள் மென்மையானவை, 500 மில்லிமோலர் உப்பில் உண்மையானதும் கழன்றுவிடலாம். ஆகவே உப்பைக் கூட்டியதும் மறைந்தது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். புரோலினை மாற்றிய எம்.பி.பி.யோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

"ஆட்டு மூளையில எல்லாம் இருக்கு, தைரோசின் மட்டும் இல்ல"

மயலின் பிரிக்கப் பழக ஆட்டு மூளையைவிட நல்லது இல்லை. காத்தான்குடியில் இறைச்சிக்கடைக் காக்கா என்னைக் கண்டதுமே, "தங்கச்சி, மூளை கறிக்கா, படிப்புக்கா?" என்பார். படிப்புக்கு என்றால் சவ்வு கிழியாமல் எடுத்துத் தருவார். 0.32 மோலர் சுக்குரோசில் அரைத்து, 0.85 மோலரின் மேல் வைத்து 75,000 ஜி விசையில் அரை மணி சுழற்றினால், இரண்டுக்கும் நடுவில் தேங்காய்ப்பால் ஆடைபோல மயலின் நிற்கும். அதைத் தண்ணீரில் வெடிக்க வைத்துத் திரும்பவும் அதே படியில் ஏற்றினால் சுத்தமாகும். நோட்டன், பொடுஸ்லோ இருவரும் 1973இல் எழுதிய முறை, இன்றும் அதுதான்.

ஆனால் அறுத்த நேரத்திலிருந்து மேசைக்கு வரும்வரை மூளைக்கு இரத்தம் இல்லை, ஏ.டி.பி. இல்லை. பொஸ்பற்றேஸ் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பி.எல்.பி., எம்.பி.பி., மாக் என்ற மயலின் புரதங்கள் எல்லாம் அசையாமல் இருக்கும், தைரோசினில் இருந்த பொஸ்பேற் போய்விடும். காக்காவின் கையில் பிழை இல்லை. அந்த இழையத்தை அந்தக் கேள்விக்குப் பாவிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாக்கைப் பற்றி இன்னொன்று. புறநரம்பில் மாக் நன்றாகத் தெரிகிறது, தைரோசின் பொஸ்பேற் மட்டும் இல்லை என்றால் அது பிழையே அல்ல. மாக்குக்கு நீள வால், குட்டை வால் என்று இரண்டு வடிவம். பொஸ்பேற் ஏறும் 620ஆம் தைரோசின் நீள வாலில்தான் இருக்கிறது, ஃபினோடு சேருவதும் அந்த வடிவந்தான். புறநரம்பில் கூடுதலாக இருப்பது குட்டை வால். இரண்டுமே வெல்லம் பூசியதால் 100 கிலோடால்டனில் ஓடும். 72இலும் 67இலும் தேடிக்கொண்டிருந்தால் காணக் கிடைக்காது.

மயலின் சாறு ஜெல்லில் கோடாய் இழுபட்டால், லிப்பிட் கூடிவிட்டது. மயலினின் உலர்நிறையில் 70 முதல் 80 வீதம் லிப்பிட்தான், ஆகவே ஈதர்-எதனோல் கலவையில் ஒருமுறை கழுவி எடுங்கள். பி.எல்.பி. ஜெல்லின் கிணற்றிலேயே தங்கிவிட்டால் கொதிக்க வைத்ததுதான் காரணம், 37 பாகையில் அரை மணி வையுங்கள், போதும். எம்.பி.பி. பிளொட்டைக் கடந்து போய்விட்டால் 0.2 மைக்ரோமீற்றர் துளையுள்ள பிளொட் சவ்வை எடுங்கள்.

"185இல் ஒரே ஒரு பட்டை, யாருடையது?"

கடைசியாக எனக்குப் பிடித்த சிக்கல். ஏர்ப்பி-3ஐ ஐ.பி.யில் பிடித்தீர்கள், 4ஜி10 போட்டீர்கள், 185 கிலோடால்டனுக்குக் கிட்ட அழகான பட்டை. "ஏர்ப்பி-3இல் பொஸ்பேற் ஏறியது" என்று எழுதுகிறீர்கள். ஏர்ப்பி-2உம் அதே உயரந்தான் என்பதை மறந்துவிட்டீர்கள்.

இந்த இருவர் விசித்திரமான சோடி. ஏர்ப்பி-3 நியூரெகுலினைப் பிடிக்கும், ஆனால் அதன் கைனேஸ் ஏறக்குறைய வேலை செய்யாது. ஏர்ப்பி-2இன் கைனேஸ் வலுவானது, ஆனால் அதற்கென்று பிடிக்க ஒரு காரணி இல்லை. காது கேட்கும் ஊமையும் பேசத் தெரிந்த செவிடனும் சேர்ந்து வியாபாரம் செய்வதுபோல. நியூரெகுலின் வந்ததும் இருவரும் சேர்வார்கள், ஏர்ப்பி-2 ஏர்ப்பி-3இன் வாலில் பொஸ்பேற்றை ஏற்றும். அந்த வாலில் பி.ஐ.3 கைனேஸைப் பிடிக்க ஆறு இடங்கள் இருப்பதால் செய்தி அந்தப் பக்கம் போகும். மென்மையான பவரில் ஏர்ப்பி-3ஐ இழுத்தால் ஏர்ப்பி-2உம் கையைப் பிடித்துக்கொண்டு வரும். பட்டை யாருடையது என்று அந்த ஜெல் சொல்லாது.

மட்டக்களப்பில் இது வெறும் புத்தகக் கேள்வி இல்லை. வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது, தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்த தீவு. தொழுநோய் பக்றீரியா விரும்பிக் குடியிருப்பது சுவான் கலத்தில். 2006இல் தாபினோஸ், ஒனிஷி, ரம்புக்கன மூவரும் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பக்றீரியா ஏர்ப்பி-2ஐ நேரடியாகப் பிடித்து எழுப்புகிறது, ஏர்ப்பி-3 அதற்குத் தேவையில்லை, அதிலிருந்து ஏர்க் பாதை வழியாக மயலின் உரிகிறது என்று காட்டியது. "சோடியாகவா, தனியாகவா" என்பதில்தான் அந்த முடிவு முழுக்க நிற்கிறது. 185இல் வரும் பட்டையை ஆள்மாறிப் பெயர் வைத்தால் தலைகீழான முடிவு வரும். பக்றீரியாவைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்கவும் முடியாது, ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு மாதிரியும் பெறுமதி. அதை அரைகுறை ஜெல்லில் வீணாக்க மனம் வராது.

செய்ய வேண்டியது, சாற்றை இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதியை மென்மையான பவரில் அப்படியே ஏர்ப்பி-3 அன்டிபொடியால் பிடியுங்கள். மறுபாதியை முன்னே சொன்ன 1 வீத எஸ்.டி.எஸ்.ஸில் கொதிக்க வைத்து, சோடிகளைப் பிரித்து, ஆறவிட்டு, எஸ்.டி.எஸ். 0.1 வீதத்துக்கு இறங்கும்படி ட்ரைட்டன் பவரை ஊற்றிப் பத்து மடங்கு ஐதாக்கி, அதன் பிறகு அதே அன்டிபொடியால் பிடியுங்கள். எல்லா அன்டிபொடியும் உருக்குலைந்த புரதத்தைப் பிடிக்காது. ஆகவே அந்தப் பாதியில் ஏர்ப்பி-3 வந்திருக்கிறதா என்று மொத்தப் புரத அன்டிபொடியால் முதலில் உறுதிசெய்ய வேண்டும். அது வந்து, 185இல் தைரோசின் பொஸ்பேற்றும் நின்றால் பட்டை ஏர்ப்பி-3உடையது. ஏர்ப்பி-3 வந்து பொஸ்பேற் பட்டை மறைந்தால், முதல் பாதியில் நீங்கள் பார்த்தது கூட வந்த ஏர்ப்பி-2. ஏர்ப்பி-3 இரண்டு பாதியிலும் ஒரே அளவில் வந்தும், பொஸ்பேற் பட்டை இரண்டாவதில் மட்டும் மங்கலாக இருந்தால் இருவரும் இருக்கிறார்கள். அப்போது கொதித்த சாற்றில் இன்னொரு பங்கை எடுத்து ஏர்ப்பி-2 அன்டிபொடியால் பிடித்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஓட்டுங்கள்.